ஜெபத்தில் ‘நான்’ எப்போது வந்தது?

நல்லம்பள்ளியைக் கடந்து தொப்பூர்க் கணவாய்க்கு இறங்கும் நெடுஞ்சாலையோரம் சிறிது நேரம் நின்றால், ‘ஜெபமே ஜெயம்’ என்று கண்ணாடியில் எழுதிய வண்டி ஒன்றேனும் கண்ணில் படும். விபத்துகளுக்குப் பேர்போன அந்த இறக்கத்தில் ஓர் ஓட்டுநர் உதட்டுக்குள் முணுமுணுக்கும் ஜெபத்தை எள்ளி நகையாட எங்களுக்கு மனமில்லை. இலக்கியக் கூட்டங்களில் அந்த எள்ளல் மலிவாகவே கிடைக்கிறது. எங்கள் வழக்கு வேறு. ஜெபம் ஜெயம்தான் என்றால், அது யாருடைய ஜெயம்?

அன்றாடக் கிறித்தவ வாழ்வில் ஜெபம் இன்று பெரும்பாலும் தனிமனித விண்ணப்பமாகிவிட்டது. என் தேர்வு, என் கடன், என் மகனின் விசா. இவற்றைக் கேட்பது பிழையன்று. காய்ச்சலில் கிடக்கும் குழந்தைக்காக மன்றாடும் தாயிடம் இறையியல் பேசுபவன் மூடன். ஆனால் ஜெபம் அங்கேயே தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது என்பதே எங்கள் குற்றச்சாட்டு.

இயேசு கற்பித்த ஜெபத்தைப் பாருங்கள். மத்தேயு நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தில், அறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு ஜெபிக்கச் சொல்கிறார். அடுத்த சில வசனங்களில் சொல்லித் தரும் ஜெபமோ முற்றிலும் பன்மையில் இருக்கிறது. பூட்டிய அறையில் தனியே நிற்பவனும் ‘எங்கள்’ என்றே சொல்ல வேண்டும். அன்றைய உணவையும் எங்களுக்கென்றே கேட்க வேண்டும். அந்த ஜெபத்தில் ‘நான்’ ஓரிடத்திலும் இல்லை. சங்கீதங்களில் ‘நான்’ நிறைந்திருக்கிறதே என்பார்கள். உண்மைதான், ஆனால் அங்கே கதறும் ‘நான்’ பெரும்பாலும் ஒடுக்கப்பட்டவனுடையது, அதைச் சபை முழுவதும் தன் குரலாக ஏற்றுப் பாடியது.

தமிழுக்கு இங்கே ஒரு தனிச் சிறப்பு உண்டு. கேட்பவரைச் சேர்த்துக்கொள்ள ‘நம்’. சேர்க்காமல் சொல்ல ‘எங்கள்’. ஜெபத்தைக் கேட்பவர் கடவுள். ஆகவே அங்கே ‘எங்கள்’ வெளியே நிறுத்துவது அவர் ஒருவரையே. பக்கத்துத் தெருக்காரனை வெளியே நிறுத்தியது இலக்கணம் அன்று; நாம்தான்.

இது புதிய நோயும் அன்று. இந்திய மொழியொன்றின் எழுத்தில் இந்திய மண்ணில் முதன்முதலாக அச்சேறிய நூல், 1578 இல் கொல்லத்தில் வெளியான ‘தம்பிரான் வணக்கம்’. அன்றிக் அடிகளார் தமிழில் தந்த அந்தச் சிறு நூல் எளிய மக்களுக்கான மறைக்கல்வியும் ஜெபமுமாக அமைந்தது. தமிழ் அச்சின் வரலாறே அன்றாட ஜெபத்திலிருந்துதான் தொடங்குகிறது என்பதை இலக்கிய அன்பர்கள் மறக்கலாகாது. ஆனால் அதே மரபில் வந்த தஞ்சை வேதநாயக சாஸ்திரியார், ‘பெத்லகேம் குறவஞ்சி’ தந்த பெருங்கவிஞர், சபைக்குள் சாதி வழக்கங்கள் தொடர வேண்டும் என்று வாதிட்டு எழுதினார். சபைகளில் சாதி வேறுபாடு கூடாதென ஆங்கிலிக்க ஆயர் டேனியல் வில்சன் 1833 இல் சுற்றுமடல் விடுத்தபோது எதிர்ப்புக் கிளம்பியது. ஒரே வாய் ஜெபப் பாடலையும் பாடியது, தனி இருக்கையையும் கேட்டது.

அது பழங்கதை என்பவர்களுக்கு எறையூரை நினைவூட்டுகிறோம். அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில், செபமாலை அன்னை ஆலயத்தில் சமத்துவம் கிட்டாத தலித் கத்தோலிக்கர் தமக்குத் தனிப் பங்கு கேட்டனர். 2008 மார்ச் 9 அன்று பூசல் வெடித்தது. காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டனர். ஒரே அன்னையிடம் ஒரே செபமாலையை உருட்டியவர்கள்தாம் இரு தரப்பினரும். துறவற மடத்தைவிட்டு வெளியேறிய பாமா, 1992 இல் ‘கருக்கு’ நூலில், மடத்துப் பக்திக்கும் ஏழைகளின் வாழ்வுக்கும் இடையிலான இந்தப் பிளவை முன்னரே எழுதிவிட்டார்.

எறையூர் தொலைவில் இருக்கிறதென நாங்களும் தப்ப முடியாது. 2012 நவம்பர் 7 அன்று நத்தம், கொண்டம்பட்டி, அண்ணா நகர் என்னும் மூன்று தலித் குடியிருப்புகள் எரிக்கப்பட்டது எங்கள் தர்மபுரி மாவட்டத்தில்தான். அது கிறித்தவருக்குள் நடந்த பூசல் அன்று. எனினும் அன்றிரவு இம்மாவட்டத்தில் குடும்ப ஜெபத்துக்கு அமர்ந்த ஒவ்வொரு வீட்டிலும் ‘எங்கள்’ என்ற சொல் உச்சரிக்கப்பட்டிருந்தால், அதன் எல்லை எதுவரை சென்றது? சாம்பலான அந்த வீடுகள் வரை சென்றதா?

‘ஜெபம் உள்ளத்தின் ஆறுதல், அதில் சமூகத்தை ஏன் நுழைக்கிறீர்கள்?’ என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நுழைப்பவர்கள் நாங்கள் அல்லர். பலிபீடத்தில் காணிக்கையோடு நிற்கும்போது சகோதரனுக்கு உன்மேல் மனக்குறை உண்டென்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் அவனோடு ஒப்புரவாகு என்று சொன்னவர் அதே இயேசு. அது மத்தேயு ஐந்தாம் அதிகாரம். ஜெபத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு எழுந்துபோகச் சொல்லும் மதம் இது. எழுந்துபோனவர்களைத்தான் அதிகம் காணோம்.

கணவாயில் இறங்கும் ஓட்டுநர் ‘எங்களைக் காப்பாற்றும்’ என்று முணுமுணுத்தால், எதிரே ஏறிவரும் வண்டிக்காரனும் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறான். அவனுக்காகவும்தான் இவர் பிரேக்கை மிதிக்க வேண்டும். அன்றாட ஜெபத்திடம் நாங்கள் கேட்பது இவ்வளவே.