குழு வேறு, ஊர் வேறு

வாட்ஸ்அப் குழு தொடங்கி ஊராரை அதில் சேர்த்துவிட்டால் ஊர் ஒன்றுபட்டுவிடும் என்னும் வாதம், செய்தி சென்று சேர்வதையும் மக்கள் ஒருவருக்கொருவர் பொறுப்பேற்பதையும் ஒன்றெனக் கொள்வதால் அடிப்படையிலேயே பிழைபடுகிறது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தொடர்ந்து சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1.68 லட்சம் கனஅடி நீர் திறக்கப்பட, விழுப்புரம் மாவட்டத்தின் தென்பெண்ணைக் கரையூர்களுக்குள் வெள்ளம் புகுந்தது. மின்சாரம் நின்று கைபேசியில் சார்ஜ் தீர்ந்தவுடன் குழு மறைந்துவிடுகிறது. எந்த வீட்டில் முதியவர் தனித்திருக்கிறார், எவருடைய கூரை தாங்காது என்பதை முன்பே அறிந்த அண்டைவீட்டாரே அப்போது கதவைத் தட்ட இயலும்.

குழுவில் 1,024 பேருக்கு இடமுண்டு என்பது உண்மையே. ஆனால் எவரைச் சேர்ப்பது, எவரை நீக்குவது என்னும் அதிகாரம் உடைய நிர்வாகி, அதாவது அட்மின், ஊர்த்தெருவோடு நின்றுவிட்டால், தலித் மக்கள் வாழும் காலனி அப்பட்டியலுக்கு வெளியே நிற்கும். இதற்காகப் பழைய முறைக்குத் திரும்ப வேண்டியதில்லை: பறையறைந்து செய்தி அறிவிக்கும் தண்டோராவை, அது ஒரு சாதியார்மேல் சுமத்தப்பட்ட இழிவு என்பதால், 2022இல் தமிழக அரசு நிறுத்தச் சொன்னது முற்றிலும் சரி; அதற்கு மாற்றாக அரசு பரிந்துரைத்தது வாகன ஒலிபெருக்கியையே, அதைக் கேட்க எவருக்கும் எந்த நிர்வாகியின் அனுமதியும் தேவைப்படுவதில்லை.