கருவியைவிடக் கௌரவம் பெரிதா?

பெண்களுக்கான ரொமாண்டி சைக்கிள் பந்தயம் சுவிட்சர்லாந்தில் 2025 ஆகஸ்ட் 15ஆம் தேதி தொடங்கவிருந்த நேரத்தில், உலக சைக்கிள் விளையாட்டை ஆளும் யூசிஐ அமைப்பினர் ஐந்து அணிகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். விஸ்மா-லீஸ் எ பைக், லிடில்-ட்ரெக், கேன்யன்-ஸ்ராம், இஎஃப்-ஓட்லி, பிக்னிக் போஸ்ட்என்எல் ஆகியவை அந்த ஐந்து. ஊக்கமருந்துப் புகார் கிடையாது, முரட்டுத்தனமாக ஓட்டினார்கள் என்ற புகாரும் கிடையாது. அப்போது ஒருவர்கூட இன்னும் பெடலை மிதித்திருக்கவில்லை. அணிக்கு ஒருவர் வீதம் இருப்பிடம் காட்டும் கருவியைச் சைக்கிளில் பொருத்த வேண்டும், அந்த ஒருவர் யார் என்பதை அணியே சொல்ல வேண்டும் என்பது உத்தரவு. எங்களால் ஒருவரைக் கைகாட்ட முடியாது, நீங்களே யாரையாவது தேர்ந்தெடுத்து உங்கள் பொறுப்பில் பொருத்திக்கொள்ளுங்கள் என்றன அணிகள். அந்தப் பதிலுக்குத்தான் இந்தத் தண்டனை.

வெளியே அனுப்பப்பட்டவை உப்புக்குச் சப்பாணி அணிகள் அல்ல. அப்போது இரண்டு வாரம்கூட ஆகியிருக்கவில்லை, பெண்களுக்கான டூர் டி பிரான்ஸை பவுலின் ஃபெராண்-ப்ரெவோ வென்றது விஸ்மாவின் சீருடையில்தான். அந்தப் பந்தயத்தில் மூன்றாம் இடம் பிடித்த காஷா நியவியதோமா, கேன்யன்-ஸ்ராம் அணிக்காரர். ஆண்கள் பந்தயம் ஒன்றின் காலையில் இதே தரத்து ஐந்து அணிகளைக் கூண்டோடு நீக்கும் துணிச்சல் இவர்களுக்கு வந்திருக்குமா? வந்திருக்காது என்றே நினைக்கிறோம்.

இந்தக் கருவி ஏன் வந்தது என்பதை வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் விதி எழுதுபவர்களுக்கு நினைவூட்ட வேண்டியிருக்கிறது. 2024 செப்டம்பர் 26 அன்று ஜூரிச்சில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில், ஜூனியர் பெண்கள் பந்தயத்தின்போது, மழையில் நனைந்த காட்டுப் பகுதிச் சாலையில் 18 வயது மூரியல் ஃபுரர் விழுந்தார். விழுந்ததை யாரும் பார்க்கவில்லை. நீண்ட நேரம் அங்கேயே கிடந்தார். பந்தயம் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. உலக சாம்பியன்ஷிப்பில் அணிகளுக்கும் ஓட்டுபவர்களுக்கும் இடையே ரேடியோ அனுமதி இல்லை என்பதால், எங்கே இருக்கிறாய் என்று கேட்கவும் வழியில்லை. மறுநாள் அவர் இறந்துபோனார். சொந்த நாட்டில், சொந்த மக்கள் கூடிநின்ற பந்தயத்தில், ஒரு பெண் விழுந்து கிடப்பது தெரியாமல் போயிற்று.

இதற்கு முன்பும் சாவுகள் உண்டு. 2011இல் ஜிரோ பந்தயத்தின் போக்கோ கணவாய் இறக்கத்தில் வௌட்டர் வைலாண்ட், 2019இல் போலந்தில் 22 வயது பியோர்க் லாம்பிரெக்ட், 2023இல் சுவிஸ் பந்தயத்தின் அல்புலா இறக்கத்தில் ஜீனோ மேடர். மலை இறக்கத்தில் பாய்ந்து செல்லும் விளையாட்டில் ஆபத்து உண்டென்று தெரிந்துதான் வருகிறார்கள். ஆனால் ஃபுரரின் சாவில் உறுத்துவது வேகமோ வளைவோ அல்ல. எண்ணிப் பார்க்க ஆளில்லாமல் போனதுதான்.

அதைத் தடுக்கும் தொழில்நுட்பம் அப்போது இல்லையா? இருந்தது. 2015ஆம் ஆண்டிலிருந்தே டூர் டி பிரான்ஸில் ஒவ்வொரு சைக்கிளின் சீட்டுக்கு அடியிலும் ஜிபிஎஸ் கருவி ஒட்டிக்கொண்டு ஓடுகிறது. யார் எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் போகிறார், முன்னால் போன குழுவுக்கும் பின்னால் வரும் கூட்டத்துக்கும் எத்தனை வினாடி இடைவெளி என்றெல்லாம் வீட்டில் சோபாவில் உட்கார்ந்திருப்பவருக்குத் திரையில் தெரிகிறது. பத்து ஆண்டுகளாகத் தொலைக்காட்சிக்கு வேடிக்கை காட்டப் பயன்பட்ட ஒரு வசதி, ஒரு ஜூனியர் பெண்ணைத் தேடுவதற்குக் கிடைக்கவில்லை. அந்தப் பத்து ஆண்டுகளும் இந்த விளையாட்டை ஆண்டவர்கள் இவர்களேதான். இன்று அறுபது சொச்சம் கிராம் எடையுள்ள ஒரு பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பாதுகாப்புக்கு நாங்கள் காவல், நீங்கள் எதிரி என்று அணிகளைப் பார்த்துச் சொல்லும் தைரியம் எங்கிருந்து வந்தது?

அணிகள் எழுப்பிய கேள்விகள் சாதாரணமானவை. கருவி கழன்று விழுந்து பின்னால் வருபவரின் சக்கரத்தில் சிக்கினால் யார் பொறுப்பு? பதிவாகும் தரவு யாருக்குச் சொந்தம்? ஏற்கெனவே ஓடிப் பழகிய கருவிகள் இருக்கும்போது அவற்றை ஏன் ஒதுக்க வேண்டும்? ஆறு பேரில் ஒருவர் மட்டும் கூடுதல் சுமையோடு ஓடுவதென்றால் அது யார் என்று அணி ஏன் முடிவு செய்ய வேண்டும்? கடைசிக் கேள்விக்கு ஒரு நிமிடத்தில் பதில் சொல்லியிருக்கலாம்: சரி, சீட்டுக் குலுக்கி நாங்களே எடுக்கிறோம். அவ்வளவுதான் விஷயம். முந்தைய நாள் மாலையில் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தால் தேநீர் ஆறுவதற்குள் முடிந்திருக்கும்.

அணிகள் உத்தமர்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. சில அணிகள் கூட்டாகப் பந்தயத் தரவை வியாபாரமாக்கும் நிறுவனமே நடத்துகின்றன. தரவு யாருக்கு என்ற கேள்வியில் பாதுகாப்புக் கவலை பாதி, பணக் கவலை பாதி என்று யாராவது சொன்னால் மறுக்கமாட்டோம். ஆனால் சோதனை ஓட்டம் என்று பெயர் வைத்துவிட்டு, அதற்குச் சந்தேகம் கேட்டவரைப் பந்தயத்தைவிட்டே நீக்குவது எந்த ஊர் நியாயம்? சோதிப்பதன் பொருளே குறை சொல்ல ஆள் வேண்டும் என்பதுதானே. ஐந்து அணிகள் போன பிறகு மிச்சமிருந்தவர்களை வைத்துச் சோதித்து என்ன கண்டுபிடித்தார்கள்? கேள்வி கேட்காதவர்கள் கேள்வி கேட்பதில்லை என்பதையா?

தண்டனை யார் தலையில் விழுந்தது என்பதையும் பார்க்க வேண்டும். அந்தப் பதிலைச் சொன்ன மேலாளர்களுக்கு ஒரு வார இறுதி வீணானது, அவ்வளவே. மாதக்கணக்கில் பயிற்சி செய்து, இந்தப் பந்தயத்தை நம்பியிருந்த பெண்கள்தான் பெட்டியைக் கட்டினார்கள். பெண்களுக்கான பெரிய பந்தயங்கள் எண்ணிக்கையில் குறைவு. ஒன்று போனால் அதனோடு புள்ளிகளும், சிலருக்கு அடுத்த ஆண்டு ஒப்பந்தமும் போகும். பெண்களின் பாதுகாப்புக்காகப் பெண்களைப் பந்தயத்திலிருந்து விரட்டியிருக்கிறார்கள்.

இது இவர்களுக்குப் புதிய பழக்கமும் அல்ல. 2021 ஏப்ரலில் ஃபிளாண்டர்ஸ் பந்தயத்தில் மைக்கேல் ஷேர் காலியான தண்ணீர் பாட்டிலைச் சாலையோர ரசிகர்கள் பக்கம் போட்டார். அதற்கென்று ஒதுக்கிய இடத்தில் போடவில்லை என்று பந்தயத்தைவிட்டே வெளியேற்றினார்கள். சிறுவயதில் சாலையோரம் நின்றபோது கிடைத்த ஒரு பாட்டில்தான் தன்னை இந்த விளையாட்டுக்குள் இழுத்து வந்தது என்று அவர் பிறகு எழுதினார். ஊரே சிரித்தபின், அதே மாதம் விதியைத் தளர்த்தினார்கள். ஏப்ரல் தொடக்கத்தில் பாதுகாப்புக்கு அத்தியாவசியமாக இருந்தது ஏப்ரல் முடிவதற்குள் எப்படித் தேவையற்றுப் போனதோ, இன்றுவரை விளக்கம் இல்லை.

அதே ஆண்டு ஜூனில் டூர் டி பிரான்ஸின் பொந்திவி கட்டம். கடைசி மூன்று கிலோமீட்டருக்குள் விழுந்தால் நேரம் பறிபோகாது என்ற விதியை, அன்றைய வளைந்து நெளிந்த இறக்கத்தைப் பார்த்துவிட்டு, ஐந்து கிலோமீட்டராக நீட்டும்படி ஓட்டுபவர்கள் பந்தயத்துக்கு முன்பே கேட்டார்கள். முடியாது என்று பதில் வந்தது. அந்த இரண்டு கிலோமீட்டர் இடைவெளியிலேயே ஆட்கள் விழுந்தார்கள். முடிவுக் கோட்டுக்கு அருகே கேலப் யூவன் காறை எலும்பை முறித்துக்கொண்டார். மறுநாள் மொத்தக் கூட்டமும் சாலையில் சைக்கிளை நிறுத்தி எதிர்ப்புக் காட்டியது. மூன்று ஆண்டுகள் கழித்து, சில கட்டங்களுக்கு ஐந்து கிலோமீட்டர் வைத்துப் பார்க்கலாம் என்று தாங்களே கண்டுபிடித்ததுபோல் அறிவித்தார்கள்.

காட்டோவிட்சேயை மறக்க முடியுமா? 2020 ஆகஸ்ட், போலந்துப் பந்தயத்தின் முதல் நாள். முடிவுக் கோடு இறக்கத்தில், வேகம் 80 கிலோமீட்டருக்கு மேல். டிலன் க்ரூனவேகன் பாதை விலகினார், ஃபாபியோ யாகொப்சன் தடுப்புகளின் மேல் பறந்தார். முகத்தில் 130 தையல், வாயில் மிஞ்சியது ஒரே ஒரு பல். க்ரூனவேகன் செய்தது தவறு. ஒன்பது மாதத் தடையும் அனுபவித்தார். ஆனால் இறக்கத்தில் முடிவுக் கோடு வைப்பதை ஆண்டுக்கணக்கில் அனுமதித்தவர்களுக்கு எத்தனை மாதம்? காகிதத் தட்டிபோல் சிதறிய தடுப்புகளைப் பார்த்துத் தலையாட்டியவர்களுக்கு? எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று நம்மூரில் சொல்வார்கள். இங்கே எய்தவனே நீதிபதியாகவும் உட்கார்ந்திருக்கிறான். தடுப்புகளுக்கு ஒழுங்கான விதி அதற்குப் பிறகுதான் வந்தது. அது வருவதற்கு ஒருவரின் முகம் சிதைய வேண்டியிருந்தது.

அடுத்த படையெடுப்பு ஹேண்டில்பார் மீது. 2026 ஜனவரி முதல் 400 மில்லிமீட்டருக்குக் குறைந்த அகலம் கூடாதாம். குறுகலான தோள்கொண்ட பெண்களுக்கு இது பொருந்தாது என்ற கூக்குரல், அறிவிப்பு வந்த நாளிலிருந்தே கேட்கிறது. தோள் அகலத்தை அளந்த ஒரு பெண்ணை முன்கூட்டியே கேட்டிருந்தால்கூடத் தெரிந்திருக்கும். 2025 அக்டோபரில் சீனாவில் பல்சக்கரத்தைச் சிறிதாக்கி வேகம் குறைகிறதா என்று பார்க்கவும் திட்டமிட்டிருந்தார்கள். சைக்கிளைத் திருத்துவது சுலபம், ஒரு சுற்றறிக்கை போதும். சாலையைத் திருத்த வேண்டுமென்றால் பந்தயம் நடத்துபவர்களையும் பணம் கொடுக்கும் நகராட்சிகளையும் பகைத்துக்கொள்ள வேண்டும். அதனால்தான் அளவுநாடா எப்போதும் ஓட்டுபவரிடமே வருகிறது.

பாதுகாப்புக்கென்று 2023இல் ஒரு பொது அமைப்பை அறிவித்தார்கள். ஓட்டுபவர்கள், அணிகள், நடத்துபவர்கள், ஆள்பவர்கள் நால்வரும் அதில் உண்டு. அப்படியொன்று இருக்கும்போது ரொமாண்டியில் இந்தக் கூத்து ஏன் நடந்தது? அந்த அமைப்புக்கு உண்மையான அதிகாரம் கொடுங்கள், அல்லது கலைத்துவிட்டு, எல்லோரும் சமமாக உட்கார்ந்து பேசும் வேறு ஏதாவது ஏற்பாட்டைச் செய்யுங்கள். அந்த ஐந்து அணிகளின் பெண்களுக்குப் பறிபோன வாய்ப்புக்கு ஈடாகவும் ஏதாவது செய்தாக வேண்டும்.

2025 செப்டம்பரில் ருவாண்டாவின் கிகாலியில் உலக சாம்பியன்ஷிப். அங்கே எல்லோருக்கும் கருவி உண்டு என்றார்கள். நல்லது. கட்டுப்பாட்டு அறைத் திரையில் ஒரு புள்ளி அசையாமல் நின்றால் அதை யார் கவனிப்பார், அவர் யாருக்குச் சொல்வார், எத்தனை நிமிடத்தில் மருத்துவர் அந்த இடத்துக்குப் போய்ச் சேருவார்? ரொமாண்டியில் பெயர் கேட்டு மிரட்டிய அதே சுறுசுறுப்போடு, ஒவ்வொரு பந்தயமும் தொடங்கும் முன் இதற்கு எழுத்தில் பதில் சொல்லட்டும்.