புலி தாண்டிய சுவர்

2007 டிசம்பர் 25. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ உயிரியல் பூங்காவில், மாலை 5 மணிக்குச் சற்றுப் பின்னர், டாட்டியானா என்ற நான்கு வயது சைபீரியப் பெண்புலி தன் அடைப்பைத் தாண்டி வெளியே வந்தது. பதினேழு வயது இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். அவருடன் சென்றிருந்த சகோதரர்கள் இருவர் காயமடைந்தனர். காவல் துறையினர் புலியைச் சுட்டுக் கொன்றனர்.

ஓரிரு நாள்களிலேயே விவாதம் திசை மாறியது. இளைஞர்கள் புலியைச் சீண்டினார்களா? கையில் கவண் இருந்ததா? மது அருந்தியிருந்தார்களா? கவண் கதைக்கு ஆதாரம் ஏதும் கிடைக்கவில்லை. மது அருந்தியிருந்தது உண்மை. தடுப்புக் கம்பியின்மேல் ஏறி நின்று கூச்சலிட்டுக் கையசைத்ததாகச் சகோதரர்களுள் ஒருவர் கூறினார் என்பது காவல் துறையின் ஆவணத்தில் உள்ளது. எதையும் எறியவில்லை என்றும் அவர் கூறியிருந்தார். இது போதுமானதாக இருந்தது. 'வினையை விலைகொடுத்து வாங்கிக்கொண்டார்கள்' என்ற தீர்ப்பைப் பலர் எழுதி முடித்துவிட்டனர்.

இதற்கிடையே ஒருவர் அளவுநாடாவை எடுத்தார். புலியின் அடைப்பைச் சுற்றியிருந்த அகழிச் சுவர் 18 அடி உயரம் என்று பூங்கா நிர்வாகம் முதலில் சொல்லியிருந்தது. அளந்து பார்த்தபோது அது சுமார் 12.5 அடிதான். அமெரிக்க உயிரியல் பூங்காக்கள் சங்கம் பரிந்துரைத்த குறைந்தபட்ச உயரமோ 16.4 அடி. அந்த அடைப்பு 1940-இல் கட்டப்பட்டது. தான் காவல் காக்கும் சுவரின் உயரம் தெரியாத ஒரு நிர்வாகம், பார்வையாளரின் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசும் தகுதியை எப்படிப் பெற்றது என்பது எனக்கு இன்றும் புதிர்.

பொருளியலில் இத்தகைய கேள்விக்கு நெடிய வரலாறு உண்டு. 1960-இல் ரொனால்டு கோஸ் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், மாடு வேலி தாண்டிப் பக்கத்து வயலை மேய்கிறது. மாடு இல்லையேல் சேதமில்லை. பயிர் இல்லையேலும் சேதமில்லை. ஆகவே தீங்குக்கு இரு தரப்பும் காரணம் என்றார் அவர். வகுப்பில் இதைச் சொன்னால் மாணவர்கள் முகம் சுளிப்பார்கள்; பயிரிட்டவன் என்ன பாவம் செய்தான் என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். 1970-இல் கைடோ கலப்ரேசி விபத்துகளின் செலவு குறித்து எழுதிய நூல் அதற்கு வழிகாட்டுகிறது: விபத்தை மிகக் குறைந்த செலவில் தடுத்திருக்கக்கூடியவர் யார் என்று பாருங்கள், பொறுப்பை அங்கே வையுங்கள்.

அந்த அளவுகோலை இங்கே வைத்துப் பார்ப்போம். ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோர் வந்துபோகும் இடத்தில் கூச்சலிடுபவர், குடித்தவர், கம்பியில் ஏறுபவர் எவராவது இருந்தே தீருவர். அத்தனை பேரையும் திருத்துவது எவராலும் ஆகாது. சுவரை உயர்த்துவது ஆகும். நிகழ்வுக்குப் பிறகு சில மாதங்களிலேயே, கண்ணாடித் தடுப்பும் சேர்த்து 19 அடிக்கு உயர்த்தியும் விட்டார்கள். அறுபத்தேழு ஆண்டுகளாகச் செய்யாதிருந்த வேலை அது.

மற்றொன்றையும் மறக்கலாகாது. இதே புலி ஓராண்டுக்கு முன், 2006 டிசம்பரில், உணவளித்த பெண் ஊழியரின் கையைக் கடித்துக் குதறியது. அங்கே சீண்டியவர் எவருமில்லை. தொழிலாளர் பாதுகாப்புக்கான மாநில அமைப்பு பூங்காவின்மீதே குறை கண்டது.

அப்படியானால் பாதிக்கப்பட்டவரின் நடத்தை பொருட்டே அல்லவா? பொருட்டுதான். கலிபோர்னியாவில் 1975 முதல், இழப்பீடு கோருபவரின் கவனக்குறைவு எத்தனை விழுக்காடோ அத்தனை விழுக்காடு இழப்பீட்டில் குறையும். ஆகவே சகோதரர்களின் குற்றம் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறதோ, அவ்வளவு பணம் எதிர்த்தரப்புக்கு மிச்சம். சீண்டல் பற்றிய செய்திகள் ஊடகங்களில் பெருகியதை இந்தக் கணக்கோடு சேர்த்தே வாசிக்க வேண்டும். இறுதியில் 2009-இல் சகோதரர்களுக்கு 9 லட்சம் டாலர் தர உடன்பாடு ஏற்பட்டது. நீதிமன்றத்துக்கு விழுக்காடு தெரியும். பொது விவாதத்துக்குத் தெரிவதில்லை. அங்கே ஒருவர் முழுக் குற்றவாளி, இல்லையேல் முழு அப்பாவி.

நம் நாட்டிலும் இதைக் கண்டோம். 2014 செப்டம்பரில் தில்லி உயிரியல் பூங்காவில் விஜய் என்ற வெள்ளைப் புலியின் அடைப்புக்குள் சிக்கிய இளைஞர் இறந்தார். சான் பிரான்சிஸ்கோவில் புலி வெளியே வந்தது; இங்கே மனிதர் உள்ளே போனார். வேறுபாடு பெரிதுதான். ஆனால் அவர் தவறி விழுந்தாரா, தாமே குதித்தாரா, மனநலம் எப்படி என்பதிலேயே பேச்சு சுழன்றது. புலி உடனே பாயவில்லை. பல நிமிடங்கள் அவர் அதன் எதிரே கைகூப்பியபடி அமர்ந்திருந்தார். பார்வையாளர்கள் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த நிமிடங்களில் அவரை மீட்க என்ன ஏற்பாடு இருந்தது என்ற கேள்விதான் முதலில் கேட்கப்பட்டிருக்க வேண்டும்.