வரைபடத்தில் ஏறாத தடம்

சிலாங்கூர்க் கரையோரம், பாகான் நக்கோடா ஓமாரிலிருந்து செகிஞ்சான் வயல்வெளி வரை நிலம் மட்டமாகக் கிடக்கிறது. கடல் தடுப்புக் கரை, வாய்க்காலோர மண்சாலை, செம்பனைக் குலை ஏற்றும் லாரித் தடம் எல்லாமே சைக்கிளுக்குத் தோதானவை. ஆனால் தோட்டத்துத் தடம் தோட்டக்காரருக்குச் சொந்தம். நிலம் கைமாறி வீடமைப்புப் பகுதியாகி, குறுக்கே வேலி விழுந்தால் கேட்க ஆளில்லை.

வீடு வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது, அதுவும் தோட்டத்து லயத்தில் பிறந்தவர்களிடம். ஆனால் கோலாலம்பூரில் நடந்ததைப் பாருங்கள். அங்குள்ள புக்கிட் கியாரா, மலைச் சைக்கிள் தடங்களுக்குப் பேர்போன இடம். அதை ஒட்டிய தாமான் ரிம்பா கியாரா பூங்காவில் அடுக்குமாடி கட்ட 2017இல் மாநகர் மன்றம் அனுமதி தந்தது. நீளவீடுகளில் காத்திருந்த முன்னாள் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்கான வீடுகளையும் அதே திட்டத்தில் கோத்துவிட்டார்கள். 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் அனுமதி செல்லாது என்றது. பூங்கா பிழைத்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் வீடு கேட்டவர்களையும் பூங்கா கேட்டவர்களையும் எதிரெதிரே நிறுத்தியது யார்? திட்டம் வரைந்தவர்கள்தானே! இங்கே, செகிஞ்சான் பக்கம், அந்தக் கூத்து வேண்டாம். 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி, உள்ளூர்த் திட்ட வரைவுக்கு எவரும் ஆட்சேபம் எழுதலாம். சைக்கிளோட்டிகள் வாய்க்காலோரத் தடத்தை அப்போதே வரைபடத்தில் ஏற்றச் சொல்ல வேண்டும். வீட்டு வரிசை அதிலிருந்து சில அடி தள்ளி நிற்கட்டும். புதுவீட்டுப் பிள்ளைகளும் பள்ளிக்கு அதில்தான் மிதிக்கப் போகிறார்கள்.