சொந்த முடிவு யாருடைய சொந்தம்?

அண்மையில் கொழும்பில் ஒரு திருமண விருந்து. பக்கத்து நாற்காலியில் அமர்ந்திருந்த நண்பர், கொவிட் காலத்தில் தாம் குடும்பத்தோடு மாலைதீவு சென்று வந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். 2021 ஏப்ரல் மாதம். கடற்கரை காலியாக இருந்ததாம். அறை பாதி விலைக்குக் கிடைத்ததாம். "பலர் குறை சொன்னார்கள். ஆனால் விடுமுறைக்குப் போவதா, வேண்டாமா என்பது ஒரு குடும்பத்தின் சொந்த முடிவு அல்லவா?" என்று முடித்தார். மேசையைச் சுற்றி இருந்தவர்கள் தலையசைத்தனர். நானும் அசைத்தேன். வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தத் தலையசைப்பு என்னை உறுத்திக்கொண்டே வந்தது. அதற்குக் காரணம் உண்டு. அதைப் பின்னர் சொல்கிறேன்.

முதலில் அந்தச் சொற்றொடரைப் பார்ப்போம். சொந்த முடிவு என்றால், முடிவெடுக்கும் வாய்ப்பு ஒருவருக்கு இருக்கவேண்டும். அதன் விளைவும் அவரோடு நிற்கவேண்டும். இந்த இரண்டில் எது இருந்தது அந்தக் காலத்தில்? யாருக்கு இருந்தது?

2020 நவம்பர் 14ஆம் திகதி தீபாவளி. அதற்கு மூன்று நாள் முன்னதாக, 11ஆம் திகதி, மேல் மாகாணத்திலிருந்து எவரும் வெளியேறக்கூடாது என்ற அறிவித்தல் வந்தது. அன்று நள்ளிரவு முதல் 15ஆம் திகதி வரை தடை. ஒக்டோபரில் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலையிலும், பின்னர் பேலியகொடை மீன் சந்தையிலும் கிளம்பிய தொற்று கொழும்பைச் சூழ்ந்திருந்த நேரம் அது. புறக்கோட்டைக் கடைகளிலும், வெள்ளவத்தை உணவகங்களிலும், வசதியானோர் வீடுகளின் சமையலறைகளிலும் வேலை செய்த மலையகப் பிள்ளைகள் ஆண்டுக்கு ஒரு முறை ஊர் திரும்பும் நாள் அது. புதுத் துணியை வாங்கிப் பையில் வைத்திருந்தவர்கள், பை பையாகவே இருக்க, கடை மாடியில் படுத்துக் கிடந்தார்கள்.

அந்தத் தடை தவறென்று நான் சொல்லவில்லை. எங்கள் இனத்தின் பண்டிகை என்பதால் கிருமி விலகி நிற்காது. ஸ்பிரிங்வெளியில் பிறந்து லயத்தில் வளர்ந்தவன் நான். லயம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். முதுகோடு முதுகு ஒட்டிய காம்பராக்கள். ஒரு காம்பராவில் மூன்று தலைமுறை. ஒரு வீட்டு இருமல் அடுத்த வீட்டுச் சுவரைத் தாண்டிக் கேட்கும். தண்ணீருக்கு ஒரே பீலி. வரிசைக்குப் பல குடங்கள். "வீட்டிலேயே தனிமைப்பட்டிருங்கள்" என்று தொலைக்காட்சியில் வைத்தியர் சொல்லும்போது, எந்தச் சுவருக்குப் பின்னால் என்று கேட்கவேண்டிய இடம் அது. நோயாளியை நமுனுகுல மலையடிவாரத்திலிருந்து வளைந்து வளைந்து பதுளைக்கு இறக்கிக் கொண்டுபோகவேண்டும். ஆகவே அந்த நவம்பரில் பிள்ளைகளை மறித்தது மருத்துவ நியாயம்தான்.

ஆனால் நியாயத்துக்கு ஒரு குணம் உண்டு. அது ஆளுக்கு ஆள் மாறக்கூடாது. ஆறே வாரம் கழித்து, டிசம்பர் 28ஆம் திகதி, உக்ரேன் நாட்டிலிருந்து உல்லாசப் பயணிகள் நூற்றெண்பதுக்கும் மேற்பட்டோர் தனி விமானத்தில் மத்தளையில் வந்திறங்கினர். நாட்டின் விமான நிலையங்கள் அப்போது வழமையான பயணிகளுக்குத் திறக்கப்படவில்லை. 2021 ஜனவரி 21 இல்தான் திறந்தார்கள். வந்தவர்களுள் சிலருக்குத் தொற்று இருப்பது பரிசோதனையில் தெரிந்தது. ஆனாலும் அதற்கு "முன்னோடித் திட்டம்" என்று பெயர் சூட்டி, அவர்களை ஊர் சுற்றிக் காட்டினார்கள். அதே நாட்களில், மத்திய கிழக்கில் வேலை இழந்த எங்கள் பெண்கள், தாய்நாட்டு விமானத்தில் ஓர் இருக்கைக்காக மாதக் கணக்கில் காத்திருந்தார்கள். அந்தப் பெண்களின் பணத்தில் எத்தனை காம்பராக்களுக்குப் புதுத் தகரம் போடப்பட்டது என்று ஊவாவின் எந்தத் தோட்டத்திலும் கேட்டுப் பாருங்கள்.

அடுத்து 2021 ஏப்ரல். புத்தாண்டு. பயணத் தடை எதுவும் இல்லை. பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் எச்சரித்தார்கள். பத்திரிகைகளில் நாங்களும் எழுதினோம். நுவரெலியா நிரம்பி வழிந்தது. எல்லவிலும் பண்டாரவளையிலும் அறை கிடைக்கவில்லை என்று நண்பர்கள் சொன்னார்கள். அந்த ஏப்ரல் நடுப்பகுதிவரை இலங்கையில் பதிவான கொவிட் மரணங்கள் ஏறத்தாழ 600. செப்டெம்பர் முடிவில் அத்தொகை 12,000ஐத் தாண்டியிருந்தது. இதற்கெல்லாம் புத்தாண்டு விடுமுறையே காரணம் என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். பின்னர் வந்த டெல்டா வகைக் கிருமிக்கும், தடுப்பூசி எல்லோரையும் சென்றடையத் தாமதமானதற்கும் அதில் பெரும்பங்கு உண்டு. ஆனால் ஏப்ரல் இறுதியில் எழுந்த அலைக்கும் அந்த விடுமுறைக்கும் தொடர்பில்லை என்று சொல்ல எவருக்கும் துணிவில்லை. மே 21 முதல் ஒரு மாதம் நாடு முழுவதும் பயணக் கட்டுப்பாடு வந்தது. சுற்றுலா போனவர்கள் வீட்டிலிருந்தபடி கணினியில் வேலை செய்தனர். தோட்டத்தில் கொழுந்து நிற்கவில்லை. 2020 மார்ச்சில் முதல் ஊரடங்கு வந்தபோதே தேயிலைக்கு விலக்களித்தவர்கள் அல்லவா நம்மவர்கள்? பிரட்டுக்கு வராத நாளுக்குப் பேர் கிடையாது. பேர் விழாவிட்டால் அன்றைக்குச் சம்பளம் இல்லை. 1000 ரூபா நாட்சம்பளம் வர்த்தமானியில் ஏறியதே 2021 மார்ச்சில்தான். அதுவரை அடிப்படைச் சம்பளம் 700 ரூபா.

தீபாவளிக்குத் தடை, புத்தாண்டுக்குத் திறப்பு, உக்ரேன் நாட்டவருக்கு வரவேற்பு. இதை இனவாதம் என்று சிலர் ஒரே சொல்லில் முடித்தார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. ஏப்ரலில் ஊருக்குப் போன சிங்களத் தொழிலாளியும் கிருமியைத் தன் தாய்க்குத்தான் கொண்டு சென்றான். அவனைக் காப்பாற்றவும் எவரும் முன்வரவில்லை. பணம் கொண்டு வருபவனின் பயணத்துக்கு ஒரு சட்டம், பணமில்லாதவனின் பயணத்துக்கு வேறொரு சட்டம் என்பதே எனக்குத் தெரிந்த கணக்கு.

இந்தக் கணக்கு நேற்றுத் தொடங்கியதும் அல்ல. 1914 இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடத் தொடங்கிய பின்னர், எங்கள் பாட்டன்மார் மண்டபம் முகாமைக் கடந்தே இலங்கை வந்தனர். கொள்ளை நோய்க்கும் வாந்திபேதிக்கும் அஞ்சித் தோட்டத் தொழிலாளரை அங்கே நாட்கணக்கில் தடுத்து வைத்து, சோதித்து, அம்மை குத்தி அனுப்பினார்கள். மேல்வகுப்புச் சீட்டோடு வந்த கனவான்களுக்கு அந்த நடைமுறை இல்லை. கிருமி பயணச்சீட்டின் வகுப்பைப் பார்த்து ஏறுவதாக அன்று நம்பியவர்களின் வாரிசுகளே 2020 இலும் கோப்பில் கையெழுத்திட்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

இவ்வளவு எழுதியவன் தன்னைப் பற்றியும் எழுதவேண்டும். அதே 2021 ஏப்ரலில் என் வீட்டிலும் விடுமுறைப் பேச்சு எழுந்தது. ஓராண்டுக்கு மேலாக வீட்டுக்குள் கிடந்த பிள்ளைகள். மகன் மாலைதீவுப் பயணத்துக்குக் கணக்குப் போட்டு வைத்திருந்தான். "பணம் நான் தருகிறேன் அப்பா, நாலு நாள் மட்டும்" என்றான். நான் சீறினேன். ஊர் செத்துக்கொண்டிருக்கும்போது உல்லாசமா என்று ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். முந்திய தீபாவளியின்போது என்னிடம் பத்திரிகையாளர் அனுமதி இருந்தது. அதைக் காட்டி நான் ஊர் போயிருக்கலாம். கடை மாடியில் கிடந்த பிள்ளைகளை நினைத்துப் போகவில்லை. அந்த நல்ல பெயரை எனக்கு நானே கொடுத்து வைத்திருந்தேன். ஆகவே தீர்ப்பும் நானே சொன்னேன்: "வெளிநாடு வேண்டாம். அம்மாவைப் பார்க்க ஊருக்குப் போவோம்."

போனோம். ஐந்து பேர், ஒரு வாடகை வான். என் தாய் இஸ்தோப்பில் நின்று, "தள்ளி நிக்காத தம்பி, கிட்ட வா" என்றார். கிட்டப் போனேன். லயத்துப் பிள்ளைகள் எல்லாம் எங்களைச் சூழ்ந்துகொண்டன. மூன்று நாள் இருந்தோம். திரும்பி வந்த மறுவாரம் என் மருமகளுக்குக் காய்ச்சல், பின்னர் எனக்கு. அதற்கடுத்த வாரம் அந்த லயத்தில் காய்ச்சல். என் தாய் தப்பினார். சுவருக்கு மறுபுறம் இருந்த மூதாட்டி தப்பவில்லை. சிறுவயதில் எனக்குச் சோறூட்டிய கை அது.

கிருமி எங்கள் வானில்தான் போனதா என்று எவராலும் சொல்ல முடியாது. அந்த வாரம் கொழும்பிலிருந்து திரும்பியவர்கள் அந்த மலையில் பலர். என் தாய் என்னிடம் இதுவரை அதைப் பற்றி ஒரு சொல் கேட்டதில்லை. அந்த மூதாட்டியின் மக்களும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். மகன் சொன்னபடி மாலைதீவு போயிருந்தால், விமானம் ஏறுமுன் பி.சி.ஆர். பரிசோதனை செய்திருப்பார்கள். தனித் தீவு, தனி அறை. அங்கும் அறை துடைப்பவர், சோறு பரிமாறுபவர் என்று ஏழை மனிதர்கள் உண்டு. அவர்களுக்கு ஆபத்து இல்லாமல் இல்லை. ஆயினும் பரிசோதனையின்றி, முகக்கவசத்தைக் கழற்றி, ஒரே பீலியில் தண்ணீர் பிடிக்கும் லயத்துக்குள் நாங்கள் நுழைந்ததைவிட அது கேடு குறைந்த வழியாகவே இருந்திருக்கும். உல்லாசம் பாவம், ஊர்ப்பாசம் புண்ணியம் என்று நான் பிரித்து வைத்திருந்தேன். தங்குமிடத்துக் கதவு எத்தனை, அதற்குள் எத்தனை பேர், காய்ச்சல் வந்தால் வேலைக்குப் போகாமல் படுத்திருக்க அவர்களால் முடியுமா என்று நான் கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை.

ஆகவே விருந்தில் தலையசைத்த நண்பர்களுக்கு இதைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். பெருந்தொற்றுக் காலத்தில் விடுமுறை ஒரு குடும்பத்தின் சொந்த முடிவு அல்ல. முடிவு நம்முடையது, விலை வேறொருவருடையது. அந்த வேறொருவர் பெரும்பாலும் முடிவெடுக்கும் மேசைக்கு அழைக்கப்படாதவர்.

ஆட்சியாளர்களுக்கும் ஒன்று. அடுத்த தொற்று வராது என்று எவரும் உறுதி தரமுடியாது. வரும்போது தீபாவளிக்கும் புத்தாண்டுக்கும் நத்தாருக்கும் பெருநாளுக்கும் ஒரே சட்டம் இருக்கட்டும். தடை போடுவதானால் மூன்று நாளுக்கு முன் அல்ல, மூன்று வாரத்துக்கு முன் சொல்லுங்கள். கொழும்பில் மறிக்கப்படும் தொழிலாளிக்கு உணவும் தங்குமிடமும் கொடுங்கள். ஒவ்வொரு தோட்டத்திலும் நோயாளி தனித்திருக்க ஒரு கட்டடத்தை இப்போதே ஒதுக்குங்கள்; தனிமைப்பட்டிருக்கும் நாளுக்கும் பேர் போடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, லயங்களை இடித்து மனிதருக்கு வீடு கட்டுங்கள். இருநூறு ஆண்டுகளாகப் பொறுத்தவர்கள் இன்னும் பொறுப்பார்கள் என்பது கொள்கை ஆகாது.

எனக்கு நானே சொல்லிக்கொள்வது ஒன்றுதான். இப்போது ஊருக்குப் போகும்போதெல்லாம் அந்த மறுபுறத்துக் காம்பராவின் வாசலில் சிறிது நேரம் நிற்கிறேன். அங்கே வேறு குடும்பம் இருக்கிறது. "உள்ள வாங்க ஐயா" என்கிறார்கள். இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறேன்.