இடப்பெயர்த் தரவகங்களில் பொருளின் எழுத்துவடிவம்

2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு விளையும் ஊர்களுள் ஒன்று பூம்பாறை. பழனிமலை வட்டார இடப்பெயர்களைப் பைத்தான் மொழியில் தரவகமாக அமைக்க முற்பட்டபோது யான் முதலில் பதிந்த பெயர் அது. அப்பதிவைத் திரையில் காட்டப் பணித்தபோது ஊர்ப்பெயர் தோன்றவில்லை. வகுப்பின் பெயரும் நினைவக முகவரியுமே தோன்றின. இது கணினியின் பிழையன்று. அப்பொருள் எழுத்தில் எவ்வாறு தோன்ற வேண்டும் என்பதை யான் வரையறுக்கவில்லை.

பொருள்நோக்கு நிரலாக்கம் இவ்வரையறையை நிரல் எழுதுபவரிடம் விடுகிறது. ஜாவாவில் 'டூஸ்ட்ரிங்' என்னும் முறை இதற்கு உதவுகிறது. பைத்தானில் 'ஸ்டர்', 'ரெப்ர்' என இரண்டு உள்ளன. முன்னது படிப்பவருக்குரியது, பின்னது சரிபார்ப்பவருக்குரியது. முன்னதை மட்டும் எழுதினால், பதிவுகளைப் பட்டியலாகக் காட்டும்போது மீண்டும் முகவரிகளே தோன்றும். பட்டியல் பின்னதையே அழைக்கும். பின்னதை மட்டும் எழுதினால், அது முன்னதன் இடத்தையும் நிரப்பும்.

இவ்வேறுபாடு தமிழாய்வுக்கு இன்றியமையாதது. பழனி என்பது மலைத்தொடருக்கும் நகருக்கும் வட்டத்துக்கும் பெயர். படிப்பவருக்குப் 'பழனி' என்னும் வடிவம் போதும். சரிபார்ப்பவருக்கும் அதுவே காட்டப்படின், மூன்று பதிவுகளும் ஒன்றெனத் தோன்றும்; இரண்டு மிகையென நீக்கப்படவும் கூடும். ஆதலின் சரிபார்ப்பு வடிவம் பெயரோடு இடத்தின் வகை, பதிவெண், சான்றுமூலம் ஆகியவற்றையும் தருதல் வேண்டும்.

எழுத்தெண்ணிக்கையிலும் இடர் உண்டு. இலக்கணப்படி பூம்பாறை நான்கெழுத்துச் சொல். ஒருங்குறியில் அது எட்டுக் குறியெண்களின் தொடர். பத்தியின் அகலம் கருதிக் காட்சிவடிவத்தை ஏழு குறியெண்களோடு நிறுத்தினால் 'பூம்பாற' என்பதே எஞ்சும். ஐகாரம் இழந்த அவ்வடிவம் அட்டவணையிலிருந்து ஆய்வேட்டுக்குச் சென்றால், பிற்கால ஆய்வாளர் அதனை வழக்குத் திரிபெனக் கருதவும் இடமுண்டு.

இவை நிரலாளரின் பணி எனத் தமிழ்த்துறையினர் ஒதுங்குவது பொருந்தாது. முறையை எழுதுவது நிரலாளருக்கு எளிது. ஒரு பெயரைப் பிறிதொரு பெயரினின்று வேறுபடுத்தும் கூறுகள் எவை என்பதைத் துணிய வேண்டியவர் தமிழாய்வாளரே. தரவகத்தைச் சான்றாகக் கொள்ளும் ஆய்வேடுகள், அதன் இரு காட்சிவடிவங்களையும் ஆய்வு அணுகுமுறைப் பகுதியிலேயே விளக்குதல் வேண்டும். அவ்விளக்கம் இல்லாத அட்டவணையை மதிப்பீட்டாளர் எதனைக் கொண்டு சரிபார்ப்பார்?