ஐந்து இலக்க ஜன்னல்

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் கடலூர் பஸ் வந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியாகக் கர்ச்சீப் போட்டு இடம் பிடிக்கிற பரம்பரையில் வந்தவன் நான். ஜன்னலோர சீட்டுக்கு ஒரு கர்ச்சீப்புக்கு மேல் விலை உண்டு என்பது முப்பத்தாறு வயது வரை எனக்குத் தெரியாது. போன நவம்பரில் காட்மாண்டுவில் தெரிந்தது.

ஆளுக்கு ஐந்து இலக்கம். அதுவும் இந்திய ரூபாயில்.

விஷயம் இதுதான். என் அம்மாவுக்கு 108 திவ்ய தேசங்களில் முடிந்தவரை சேவித்துவிட வேண்டும் என்று ஆசை. எங்கள் ஊரில் அது சுலபமான கணக்கு. நடராஜர் கோயிலுக்குள்ளேயே கோவிந்தராஜப் பெருமாள் படுத்திருப்பதால் ஒன்று இலவசமாகவே வரவு. ஆனால் சாளக்கிராமம் என்கிற முக்திநாத் நேபாளத்தில் இருக்கிறது. பன்னிரண்டாயிரம் அடிக்கு மேலே. "கால் நல்லா இருக்கும்போதே பாத்துடணும்டா" என்று மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு வழியாகப் பேக்கேஜ் டூரில் சேர்ந்தோம். அப்பா, அம்மா, நான், என் மனைவி, எட்டு வயது மகள். ரயிலில் கோரக்பூர், பஸ்ஸில் எல்லை தாண்டி போக்ரா, ஜீப்பில் முக்திநாத்.

பெருமாள் தரிசனம் திவ்யமாக முடிந்தது. குளிர்ந்த தண்ணீர் கொட்டும் 108 தாரைகளிலும் அம்மா தலையைக் காட்டினார். நான் மூன்றோடு நிறுத்திக்கொண்டேன். மிச்சம் 105 பாவங்கள் பாக்கி.

அதன் பிறகுதான் காட்மாண்டு. டூர் மேனேஜர் பஸ்ஸில் மைக்கைப் பிடித்து, "நாளைக்குக் காலையில எவரெஸ்ட் ஃப்ளைட் இருக்கு சார். இது ஆப்ஷனல்" என்றார். டூர் பாஷையில் ஆப்ஷனல் என்றால் என்ன அர்த்தம் தெரியுமோ? கட்டிய பணத்தில் சேராது. போகாவிட்டால் பக்கத்து சீட்டுக்காரர் ஊர் வந்து சேரும்வரை நம்மைப் பரிதாபமாகப் பார்ப்பார்.

நேபாளத்தில் ஒரு செளகரியம். நம் நூறு ரூபாய்க்கு அவர்கள் ரூபாய் நூற்று அறுபது. 1993லிருந்து இதே விகிதம்தான். பி.காம். படித்தவனுக்குக்கூட அங்கே இறங்கியதும் திடீர்ப் பணக்காரன் ஆகிவிட்ட பிரமை வந்துவிடும். டிக்கெட் விலையை நம் ரூபாயில் சொன்னபோதுதான் பிரமை தெளிந்தது.

அன்று இரவு ஓட்டல் அறையில் தாளை மடித்து நடுவில் கோடு போட்டேன். இடது பக்கம் பற்று, வலது பக்கம் வரவு.

எவரெஸ்ட்டைப் பார்க்க மூன்று வழிகள். முதலாவது, காட்மாண்டுவிலிருந்து சுமார் முப்பது கிலோமீட்டரில் இருக்கும் நாகர்கோட். ஏழாயிரம் அடி உயர மலை. டாக்சியில் போய் விடியற்காலையில் நின்றால், வானம் தெளிவாக இருக்கிற அன்று மலைத்தொடர் முழுக்கத் தெரியும். எவரெஸ்ட் மட்டும் தூரத்தில் கடுகு சைஸில் தெரியும். "அதோ அதுதான்" என்று பக்கத்தில் ஒருவர் சொன்னால் நம்பிக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது ஹெலிகாப்டர். மலைக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் இறக்குவார்கள். விலையைக் கேட்டதும் எனக்கு அங்கேயே மூச்சு முட்டியது. அதோடு, நாலாயிரம் அடியிலிருந்து திடீரென்று பதினெட்டாயிரம் அடிக்குத் தூக்கிப் போனால் பி.பி. மாத்திரை சாப்பிடும் அறுபத்தொன்பது வயது அப்பாவுக்கு என்ன ஆகும்? அதை அடித்துவிட்டேன்.

மூன்றாவது இந்த விமானம். காலையில் கிளம்பி ஒரு மணி நேரம். கிழக்கே போகும்போது இடப்பக்கத்தவர்களுக்கு இமயம், திரும்பும்போது வலப்பக்கத்தவர்களுக்கு. ஜன்னலோரத்துக்கு மட்டும்தான் டிக்கெட் விற்பார்கள். நடுவில் உட்கார்ந்து அடுத்தவர் தலைக்கு மேலாக எட்டிப் பார்க்கிற வேலை கிடையாது. ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விமானி அறையிலிருந்தும் காட்டுவார்கள். ஆனால் சிகரத்துக்கு நேர் மேலே பறக்காது. பக்கவாட்டில் சில மைல் தள்ளித்தான். அதுவும் சுமார் 25,000 அடியில். எவரெஸ்ட்டோ 29,032 அடி. இவ்வளவு பணம் கொடுத்து ஏறியும் அது நம்மைவிட உயரத்தில்தான் இருக்கும்!

எங்கள் பட்ஜெட்டில் இரண்டு டிக்கெட் போகும். ஐந்து போகாது.

"நீயும் அப்பாவும் போயிட்டு வாங்க" என்றாள் என் மனைவி. அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தவர், "யாரும் போக வேணாம்" என்றார்.

"ஏம்மா?"

"திருச்சிக்காரங்க போனாங்களே. மறந்துட்டியா?"

மறக்கவில்லை. 2011 செப்டம்பர் 25, ஞாயிற்றுக்கிழமை. எவரெஸ்ட்டைக் காட்டிவிட்டுத் திரும்பிய சின்ன விமானம் ஒன்று, காட்மாண்டுவில் இறங்கச் சில நிமிடங்களே இருக்கும்போது, மேகத்துக்குள் தாழப் பறந்து மலையில் மோதியது. உள்ளே இருந்த 19 பேரும் இறந்துபோனார்கள். பத்துப் பேர் இந்தியர்கள். அதில் எட்டுப் பேர் திருச்சியிலிருந்து போனவர்கள். அன்று முழுக்க டி.வி. முன்னால் உட்கார்ந்து அம்மா அழுதது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அவர்களில் ஒருவரையும் எங்களுக்குத் தெரியாது. திருச்சி என்ற சொல்லே போதுமாக இருந்தது.

அதற்குப் பிறகும் கணக்கு நிற்கவில்லை. 2022 மே 29, போக்ராவிலிருந்து ஜோம்சோம் போன விமானம், 22 பேர். முக்திநாத் யாத்ரீகர்கள் போகிற அதே வழி. (நாங்கள் ஜீப்பில் போனதற்கு அதுதான் காரணம்.) 2023 ஜனவரி 15, போக்ரா, 72 பேர். அதே ஆண்டு ஜூலையில் எவரெஸ்ட் பக்கமிருந்து திரும்பிய ஹெலிகாப்டர், 6 பேர். 2013 டிசம்பரிலேயே ஐரோப்பிய யூனியன், நேபாள விமானங்கள் எங்கள் வானத்தில் பறக்கக் கூடாது என்று தடை போட்டது. இதையெல்லாம் பற்றுப் பக்கத்தில் எழுதியபோது, வரவுப் பக்கம் காலியாக என்னைப் பார்த்து இளித்தது.

அப்பா அதுவரை ஒன்றும் பேசவில்லை. அவர் முப்பத்திரண்டு வருடம் பூகோள வாத்தியார். தாலுகா தாலுகாவாக மாற்றலாகி, போன இடத்தில் எல்லாம் கரும்பலகையில் இமயமலை வரைந்தவர். மெதுவாகச் சொன்னார்:

"எவரெஸ்ட்டை அளக்கற வேலை எங்க ஆரம்பிச்சது தெரியுமா? நம்ம பரங்கிமலையில. 1802ல லாம்ப்டன்னு ஒரு வெள்ளைக்காரர் அங்க சங்கிலி போட்டு ஒரு கோடு அளந்தார். அந்தக் கோட்டிலேருந்து முக்கோணம் முக்கோணமா அளந்துகிட்டே வடக்கே போனாங்க. அவருக்கு அப்புறம் வந்தவர்தான் எவரெஸ்ட். 1856ல 29,002 அடின்னு அறிவிச்சாங்க. கணக்குப் போட்டது ராதாநாத் சிக்தார்னு ஒரு வங்காளி. இன்னிக்கு அளந்ததுக்கும் அதுக்கும் முப்பது அடிதான் வித்தியாசம். இத்தனையும் பசங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன். மலையை மட்டும் பார்த்ததில்ல."

அவ்வளவுதான். 'போகணும்' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்கத் தெரியாத தலைமுறை. வரவுப் பக்கத்தில் 'அப்பா' என்று ஒரு வரி எழுதினேன். அதற்கு எதிரே தொகை போடத் தெரியவில்லை.

இரண்டு டிக்கெட் வாங்கினோம்.

மறுநாள் விடியற்காலை ஏர்போர்ட்டில் ஒரே பனிமூட்டம். ஆறரை, ஏழரை, எட்டரை. கடைசியில் "கேன்சல்" என்றார்கள். பணம் வேண்டுமானால் திருப்பித் தருகிறோம், இல்லாவிட்டால் நாளைக்கு வாருங்கள். கூட வந்தவர்களில் பலர் கத்தினார்கள். தலைவர் ஒருவர், "டில்லியில எனக்கு ஆள் இருக்கு" என்றார். பனிமூட்டத்துக்கு டில்லியில் ஆள் இல்லை போலிருக்கிறது.

அப்பா மட்டும் திருப்தியாகச் சிரித்தார். "மேகம் இருக்கு, போக மாட்டேன்னு சொல்றான் பாரு. இவனை நம்பலாம்."

யோசித்துப் பார்த்தால் அதுதான் சரி. 2011ல் கொன்றது மேகம். மழைக்காலம் முழுசாக விலகாத செப்டம்பர். அக்டோபர், நவம்பரிலும் மார்ச், ஏப்ரலிலும் வானம் தெளியும். போக நினைக்கிற வாசகர்களுக்கு என் சிபாரிசு: அந்த மாதங்களில் போங்கள், முதல் விமானத்தில் இடம் கேளுங்கள், கையில் ஒரு உபரி நாள் வைத்துக்கொள்ளுங்கள். 'இன்றைக்கே பார்த்தாக வேண்டும்' என்று விமானியை யாரும் நெருக்காதீர்கள். கேன்சல் செய்கிற கம்பெனியைத் திட்டாதீர்கள். அவன்தான் உங்களைப் பத்திரமாக வீட்டுக்கு அனுப்புகிறவன். இன்ஷூரன்ஸ் பத்திரத்தில் இந்த மாதிரிப் பறப்பதெல்லாம் சேருமா என்று ஊரிலேயே படித்துவிடுங்கள். நான் ஓட்டல் அறையில் இரவு பதினோரு மணிக்குப் படித்தேன். தூக்கம் வரவில்லை.

அன்று இரவு அம்மா திடீரென்று, "நாளைக்கு நான் போறேன் அவர்கூட" என்றார்.

எங்கள் எல்லோருக்கும் திக்கென்றது. "பயமா இருக்குன்னீங்களே அத்தை?" என்றாள் என் மனைவி.

"பயம்தான். இங்க உட்கார்ந்தா நான் தனியாப் பயப்படணும். அங்க போனா ரெண்டு பேரும் சேர்ந்து பயப்படலாம்ல?"

நாற்பத்திரண்டு வருடத் தாம்பத்தியத்துக்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் நான் கேட்டதில்லை. என் டிக்கெட் அம்மா பெயருக்கு மாறியது. பணம் கட்டியவன் தரையில், என் ஜன்னல் வானத்தில்.

மறுநாள் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்கள். அம்மா கண்ணாடிக் கதவுக்குப் பின்னாலிருந்து சாவிக்கொத்து இருக்கும் இடத்தைச் சைகையில் சொன்னார். அதற்கு அப்புறம் ஒரு மணி நேரம் என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள். மகளுக்கு பிஸ்கெட் வாங்கிக் கொடுத்தேன். அவள், "தாத்தாவும் பாட்டியும் எப்ப வருவாங்க?" என்று கேட்டபோதெல்லாம் கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு பேரையும் ஒரே விமானத்தில் ஏற்றியிருக்கிறேனே, எந்த ஆடிட்டராவது இதை ஒப்புக்கொள்வானா என்று வயிறு பிசைந்தது. நான் போட்ட கணக்கில் அந்த ஒரு மணி நேரத்துக்கு வரியே இல்லை.

வந்துவிட்டார்கள். கையில் ஆளுக்கொரு சான்றிதழ். அம்மா தூரத்திலேயே பேச ஆரம்பித்துவிட்டார். "பைலட் ரூமுக்கெல்லாம் போனேன்டா! சின்னப் பையன், நம்ம மாமா பேரன் மாதிரி இருந்தான். நல்லா இருப்பான்." மலை எப்படி இருந்தது என்று கேட்டேன். "வெள்ளையா இருந்தது. பெருமாள் படுத்திருக்கற மாதிரி நீளமா."

அப்பா வெகுநேரம் பேசவில்லை. டாக்சியில் ஏறிய பிறகு சொன்னார்: "முப்பத்திரண்டு வருஷம் தப்பா வரைஞ்சிருக்கேன்டா. முக்கோணம் முக்கோணமாப் போட்டுட்டு மேல சாக்பீஸைத் தேய்ச்சா பனின்னு நினைச்சேன். அது அப்படியே இல்ல." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது.

*

ஊருக்கு வந்து பத்து நாள் கழித்து அம்மா ஒரு குண்டு போட்டார். "எவரெஸ்ட்டையே பார்த்தாச்சு. இந்தப் பிச்சாவரத்தை மட்டும் இன்னும் பார்க்கல."

கல்யாணமாகி சிதம்பரம் வந்து நாற்பத்திரண்டு வருடம். பிச்சாவரம் பதினைந்து கிலோமீட்டர் தூரம். 'இதயக்கனி' எடுத்த இடம் என்று வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் சொல்லி அனுப்பியிருக்கிறார். தான் போனதில்லை. உள்ளூர் அதிசயத்துக்கு எப்போதும் நாளைக்குத்தான் டிக்கெட்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டோ பிடித்துக் கிள்ளை வழியாகப் போனோம். படகுத்துறையில் மறுபடியும் சாய்ஸ். மோட்டார் படகா, துடுப்புப் படகா? மோட்டார் வேகமாகப் போகும், அகலமான வாய்க்காலோடு நின்றுவிடும். துடுப்புப் படகு மெதுவாகப் போகும், ஆனால் கிளைகள் தலையில் உரசுகிற சந்துக்குள்ளெல்லாம் நுழையும். இந்தத் தடவை தாளை மடிக்கவில்லை. "துடுப்பு" என்றார் அப்பா.

சுமார் 1,100 ஹெக்டேர் காடு. தண்ணீருக்குள் கால் ஊன்றி நிற்கும் சுரபுன்னை. சேற்றிலிருந்து விரல் விரலாக வேர் நீட்டும் வெண்கண்டல். அப்பா ஒரு மரத்தைக் காட்டி, "இதுதான் தில்லை. இதோட பால் கண்ணுல பட்டா பார்வைக்கே ஆபத்து. நம்ம ஊருக்குத் தில்லைன்னு பேர் வந்ததே இந்த மரத்தாலதான். ஊருக்குள்ள இப்ப காடு இல்ல, இங்கதான் இருக்கு" என்று மகளுக்குப் பாடம் எடுத்தார். 2004 டிசம்பர் 26ல் சுனாமி வந்தபோது இந்த மரங்களுக்குப் பின்னால் இருந்த கிராமங்கள் சேதம் குறைந்து தப்பித்ததையும் சொன்னார். படகுக்காரர் துடுப்பை நிறுத்திவிட்டு, "ஆமாங்கய்யா" என்றார். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

அம்மா தண்ணீரில் கை நனைத்தபடி வந்தார். பயமா என்று கேட்டேன். "இங்க என்ன பயம்? விழுந்தா இடுப்பளவு" என்றார்.

நான் எவரெஸ்ட்டைப் பார்க்கவில்லை. ஆனால் அதைப் பார்த்தவர்கள் இருவரை எதிரே உட்காரவைத்து ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டே வந்தேன். நல்ல காட்சி. எல்லா சீட்டும் ஜன்னலோரம். கர்ச்சீப் பாக்கெட்டிலேயே இருந்தது.